ஒப்புச் சொல்லும் முறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, “நான் பண்டிதன் அல்லேன், பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராய்க் காலங் கழிப்பவன். இலக்கியம் பேச எனக்கு என்ன தகுதி?” என்று மறுத்தேன். அவர் விடவில்லை. “அலுவலகத்தில் ஆங்கிலம் எழுதுகிறீர்கள், தெருவில் மராத்தி பேசுகிறீர்கள், வீட்டில் தமிழ் வழங்குகிறீர்கள். இம்மூன்றையும் வைத்து ஏதேனும் சொல்லுங்கள்” என்றார். அவர் சொல்லைத் தட்ட இயலாமல் இம்மேடையில் வந்து நிற்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒன்று மற்றொன்றற்குச் சமம் என்று சொல்ல ஆங்கிலம் கையாளும் முறை யாது. அதனைத் தமிழோடு வைத்துப் பார்த்தால் நமக்கு விளங்குவது யாது என்பதே அது. பொருள் சிறிதாயினும் அதில் நான் செய்த பிழை சிறிதன்று. என் பிழையால் ஒரு நல்ல மனிதர் தமக்கு வரவேண்டியதை இழந்தார். அக்கதையை இறுதியிற் கூறுவேன். முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம்.

ஆங்கில இலக்கணத்தில் ஒப்பீடு மூன்று படிகளாகச் சொல்லப்படும். உயரம் என்பது முதற்படி. அதனினும் உயரம் என்பது இரண்டாம் படி. எல்லாவற்றினும் உயரம் என்பது மூன்றாம் படி. நம்மில் பலர் இப்பாடத்தை ரென், மார்ட்டின் என்னும் இருவர் இயற்றிய இலக்கண நூலிலே படித்திருப்போம். அவ்விருவருள் ரென் என்பவர் பழைய பம்பாய் மாகாணத்தின் கல்வித்துறையில் பணியாற்றியவர்; 1924ஆம் ஆண்டில் ‘போ ஜெஸ்ட்’ என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவரே. பள்ளிகளில் இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் மனப்பாடம் செய்விப்பார்கள். முதற்படியில் வைத்து இருவரைச் சமம் என்று கூறும் முறையை விரைவாகக் கடந்துவிடுவார்கள். நாம் வாழ்வில் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் அதுவே.

இராமனும் கோபாலனும் ஒரே உயரம் என்று கொள்வோம். ஆங்கிலத்தில், ‘ராமன் இஸ் ஆஸ் டால் ஆஸ் கோபாலன்’ என்போம். உயரத்தைக் குறிக்கும் ‘டால்’ என்ற சொல்லின் இருபுறமும் ‘ஆஸ்’ என்ற சொல் நிற்கிறது. முதலாவது ‘ஆஸ்’ நம் ‘அவ்வளவு’ என்பதைப் போன்றது. இரண்டாவது ‘ஆஸ்’ நம் ‘எவ்வளவு’ என்பதைப் போன்றது. ‘கோபாலன் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் இராமன்’ என்று விரித்துப் பார்த்தால் ஒரே சொல் ஏன் இருமுறை வருகிறது என்பது தெளிவாகும். நம் மாணவர்கள் முதல் ‘ஆஸை’ விட்டுவிடுவதும் உண்டு. இரண்டாவதன் இடத்தில் ‘லைக்’ என்று போடுவதும் உண்டு. இரண்டும் பிழை. தராசுக்கு இரு தட்டுகள் வேண்டுமல்லவா?

இந்த ‘ஆஸ்’ என்னும் சொல்லின் பிறப்பும் அறியத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் ‘முற்றிலும் அவ்வாறே’ என்னும் பொருள்தரும் தொடர் ஒன்று இருந்தது. அது ஒரு பக்கம் தேய்ந்து ‘ஆல்ஸோ’ என்றாயிற்று. மேலும் தேய்ந்து ‘ஆஸ்’ என்றாயிற்று. ‘அதுவும்’ என்று சேர்க்கும் சொல்லும் ‘அவ்வளவு’ என்று அளக்கும் சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

தமிழில் நிலை வேறு. நாம் உவமை உருபுகள் என்று வழங்குவனவற்றுள் பெரும்பாலானவை வினையடியாகப் பிறந்தவை. போல என்பது போலுதல் என்னும் வினையிலிருந்து வந்தது. ஒப்ப என்பது ஒத்தலிலிருந்து வந்தது. நிகர என்பது நிகர்த்தலிலிருந்து வந்தது. பவணந்தியார் நன்னூலில் இத்தகைய உருபுகள் பன்னிரண்டனைப் பெயர் சுட்டிக் கூறிப் பிறவும் உண்டு என்றார். ஆங்கிலேயர் ஒரு சிறு இடைச்சொல்லால் அளக்கும் சமத்தைத் தமிழர் ஒரு செயலாகவே கண்டனர் என்று கூறலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘தேனின் இனிது தமிழ்’ என்று ஒருவர் கூறினால் அதன் பொருள் என்ன? தேனைப் போல இனியது என்பதா? தேனைவிட இனியது என்பதா? பழந்தமிழ் இலக்கணப்படி இரண்டும் பொருந்தும். ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபு ஒப்பையும் காட்டும், மிகுதியையும் காட்டும். உரையாசிரியர்கள் முன்னதை உவமப் பொருவு என்றும், பின்னதை உறழ் பொருவு என்றும் பிரித்து வைத்தனர். ஓர் உம்மை சேர்ந்து ‘தேனினும் இனிது’ என்றாகிவிட்டால் ஐயம் நீங்கும், அது மிகுதியே. பிற்காலத்தில் ‘விட’, ‘காட்டிலும்’ என்னும் சொற்கள் மிகுதிக்கு உரியனவாக நிலைத்து விட்டமையால் பேச்சில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

தொல்காப்பியர் உவமையைப் பற்றித் தனி இயலே வகுத்தார். உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியாகத் தோன்றும் என்றார். வினை என்பது தொழில். பயன் என்பது விளைவு. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். இதனை ஆங்கில இலக்கணத்தோடு சற்றே பொருத்திப் பாருங்கள். வடிவையும் நிறத்தையும் ஒப்பிடுங்கால் பெயருரிச்சொல் வருகிறது. தொழிலை ஒப்பிடுங்கால் வினையுரிச்சொல் வருகிறது. ‘அவள் குயிலைப் போல் கருப்பு’ என்றால் நிறம். ‘அவள் குயிலைப் போல் பாடுகிறாள்’ என்றால் தொழில். முன்னதைச் சொல்லிப் பின்னதைக் கருதினோம் என்றால் அந்தப் பெண்ணின் தாயார் நம்மை வீட்டுக்குள் விடமாட்டார்! எதனை ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தெளிந்து கொள்ள வேண்டும் என்பதே தொல்காப்பியர் நமக்குக் கற்பிக்கும் பாடம். ஆங்கிலத்திலும் அதே பாடந்தான். எழுத்து நன்றாக இருக்கிறது என்றால் ‘ஆஸ் குட் ஆஸ்’. நன்றாக எழுதுகிறான் என்றால் ‘ஆஸ் வெல் ஆஸ்’.

இனி, நாம் வாழும் இந்தப் புனே நகரின் மொழிக்கு வருவோம். மராத்தியர் ‘ஸார்கா’ என்றால் நம் ‘போல’. ‘இத்கா’ என்றால் நம் ‘அளவு’. ‘பேக்ஷா’ என்றால் நம் ‘விட’. ‘மாஜ்யா இத்கா உஞ்ச்’ என்றால் ‘என்னளவு உயரம்’. சாயலுக்கு ஒரு சொல், அளவுக்கு ஒரு சொல், மிகுதிக்கு ஒரு சொல் என மூன்று வழிகள். தமிழிலும் அப்படியே மூன்று. ஆகவே இங்குப் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு மராத்தி தடையன்று, துணையே. ‘ஆஸ்—ஆஸ்’ என்பதை ‘போல’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் குழம்பும் பிள்ளை, ‘இத்கா’ என்று சொன்னவுடன் ‘ஓ, அதுவா!’ என்று பிடித்துக்கொள்கிறது. இதனை நான் என் இல்லத்திலேயே கண்டேன்.

‘போல’ என்பதும் ‘அளவு’ என்பதும் வேறு என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். ‘இராமன் கோபாலனைப் போல் உயரமில்லை’ என்று ஒருவர் சொல்கிறார். கோபாலன் உயரமானவனா, இல்லையா? ‘கோபாலன் உயரமில்லாதவன், இராமனும் அப்படியே’ என்று ஒருவர் கொள்ளலாம். ‘கோபாலன் உயரமானவன், இராமன் அவனுக்குக் குறைந்தவன்’ என்று மற்றொருவர் கொள்ளலாம். ‘கோபாலனளவு உயரமில்லை’ என்றால் இந்தக் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் ‘நாட் ஆஸ் டால் ஆஸ்’ என்றால் குறைவு என்ற ஒரே பொருள்தான். முன்னாளில் எதிர்மறையில் ‘நாட் ஸோ டால் ஆஸ்’ என்றே எழுதவேண்டும் என்று ஆசிரியர்கள் கண்டிப்பார்கள். இந்நாளில் இரண்டும் ஏற்புடையனவே.

எண்ணத்தக்கதையும் அளக்கத்தக்கதையும் பிரிப்பதில் நமக்கும் ஆங்கிலேயர்க்கும் ஒற்றுமை உண்டு. எண்ணுவதற்கு ‘ஆஸ் மெனி ஆஸ்’. அளப்பதற்கு ‘ஆஸ் மச் ஆஸ்’. நாமும் மாம்பழத்திற்கு ‘எத்தனை—அத்தனை’ என்கிறோம். பாலுக்கு ‘எவ்வளவு—அவ்வளவு’ என்கிறோம். மடங்கு சொல்வதிலும் அப்படியே. இரயில்வேயிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். நம் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். குறும்பாதைகளுள் ஒருவகையில் 762 மில்லிமீட்டர். ‘அகலப்பாதை குறும்பாதையைப் போல் இருமடங்கிற்கும் மேற்பட்ட அகலமுடையது’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘மோர் தேன் ட்வைஸ் ஆஸ் வைட் ஆஸ்’ என்பர். இருமடங்கு என்று சொல்லும்போதும் இருமொழிகளும் ஒப்பின் மேல் நின்றே பெருக்குகின்றன என்பதைக் காண்க.

இன்னொரு வேடிக்கை. கணவன் மனைவியிடம், ‘அம்மா உன்னை என்னைப் போல் நேசிக்கிறாள்’ என்கிறான். நான் உன்னை நேசிப்பதைப் போல் என்பதா? அம்மா என்னை நேசிப்பதைப் போல் என்பதா? மருமகளுக்கு இரண்டுமே இனிப்பான செய்திகள்தாம். ஆகவே அவள் விளக்கம் கேட்பதில்லை! ஆங்கில எழுத்து வழக்கில் ‘ஆஸ் மச் ஆஸ் ஐ டூ’ என்றால் முன்னது. ‘ஆஸ் மச் ஆஸ் மீ’ என்றால் பின்னது. ஓர் எழுத்துச் சொல் பொருளைத் திருப்பிவிடுகிறது.

அன்பர்களே, இப்பொழுது நான் தொடக்கத்திற் சொன்ன கதைக்கு வருகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் வேலையிற் சேர்ந்த புதிது. இருப்புப்பாதைத் தொழிலாளராய்ப் பணியாற்றிய பெரியவர் ஒருவர், வட ஆர்க்காட்டுப் பக்கத்தவர், என்னிடம் வந்தார். மழைக்காலத்தில் இரவெல்லாம் கையில் விளக்கேந்திப் பாதையின் வழியே நடந்து, பாறை சரிந்துள்ளதா, மண் அரித்துள்ளதா என்று பார்த்து வருவது அவருடைய வேலை. நாம் வண்டியிற் படுத்து உறங்கும்போது நம் உயிரைக் காப்பவர் அவர். அவ்வாண்டு அப்பணி செய்தவர்களுக்குச் சிறு வெகுமதி வழங்கப் பட்டியல் எழுதினார்கள். உடன் நடந்தவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்க, இவர் பெயர் மட்டும் விடுபட்டுப் போயிற்று.

“ஒரு மனு எழுதிக் கொடுங்கள், தம்பி” என்றார். “என்ன எழுதவேண்டும், அண்ணே?” என்று கேட்டேன். “கூடுதலாக ஒன்றும் வேண்டாம். மற்றவர்களைப் போல நானும் கடினமாக உழைத்தேன் என்று எழுதுங்கள். அது போதும்” என்றார்.

நான் தமிழிலே எண்ணி ஆங்கிலத்திலே எழுதினேன். தமிழில் கடினம் என்பதோடு ‘ஆன’ சேர்த்தால் பெயருக்கு அடை. ‘ஆக’ சேர்த்தால் வினைக்கு அடை. ஆங்கிலத்தில் ‘ஆக’ என்பதற்கு ‘லி’ என்று சேர்க்கவேண்டும் என்பது நான் பள்ளியிற் கற்ற விதி. ஸ்லோ என்பது ஸ்லோலி ஆகும். குவிக் என்பது குவிக்லி ஆகும். அவ்வாறே ஹார்ட் என்பது ஹார்ட்லி ஆகும் என்று துணிந்தேன். ‘ஐ ஹாவ் வொர்க்ட் ஆஸ் ஹார்ட்லி ஆஸ் தி அதர்ஸ்’ என்று எழுதி, பெரியவரின் கைந்நாட்டை வாங்கி அனுப்பினேன்.

கற்றவர்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தக்கதே. ஹார்ட் என்னும் சொல் அடையாக எங்கு நின்றாலும் ஹார்ட் தான். பெயருக்கும் அதுவே, வினைக்கும் அதுவே. ஹார்ட்லி என்றால் ‘இல்லை என்றே சொல்லும்படி’ என்று பொருள். ஆகவே அம்மனுவைப் படித்தவர்க்கு, ‘மற்றவர்களைப் போலவே நானும் வேலை செய்தேன் என்று சொல்வதற்கில்லை’ என்பது போலத் தோன்றியிருக்கும். இரவெல்லாம் மழையில் நடந்த மனிதர், தம்மையும் பழித்து, உடன் நடந்தவர்களையும் பழித்ததாக ஆயிற்று.

மனு சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தது. அச்சொல்லின் கீழ்ச் சிவப்பு மையால் ஒரு கோடு. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. வேறு ஒன்றும் இல்லை. நான் அகராதியைப் புரட்டினேன், வியர்த்துப் போனேன். திருத்தி எழுதி மறுபடி அனுப்புவதற்குள் அவ்வாண்டுப் பட்டியல் முடிந்துவிட்டது. பெரியவர் வந்து கேட்டபோது, “பட்டியல் போய்விட்டது, அண்ணே” என்று மட்டும் சொன்னேன். ஏன் போயிற்று என்று சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை. அவர், “போகட்டும், தம்பி. நடந்த நடை நடந்ததுதானே” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்று ஊர் சென்றார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தக் காரணத்தை இன்றுதான் முதன்முறையாக ஒரு சபையில் வாய்விட்டுச் சொல்கிறேன்.

தொகை பெரிதன்று. ஆனால் அவர் என்ன கேட்டார் என்பதை நினைந்து பாருங்கள். மற்றவர்களைவிட மேலானவன் என்று எழுதச் சொன்னாரா? இல்லை. எல்லாரிலும் சிறந்தவன் என்று எழுதச் சொன்னாரா? அதுவும் இல்லை. முதற்படியை மட்டுமே கேட்டார். சமத்தை மட்டுமே கேட்டார். அன்று தொடங்கி என் மேசைக்கு வரும் மனுக்களைக் கவனித்து வருகிறேன். பெரும்பாலானவை இரண்டாம் படியையோ மூன்றாம் படியையோ கேட்பதில்லை. ‘அவருக்குக் கொடுத்தது போல எனக்கும்’ என்பதே ஏழை எளியவர் கேட்பது. ஒப்புக் கூறும் இலக்கணம் மனுதாரரின் இலக்கணமாகும்.

இந்தப் புனே நகரில் 1848ஆம் ஆண்டில் ஜோதிராவ் புலேயும் அவருடைய துணைவியார் சாவித்திரிபாயும் பிடே வாடாவில் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கினார்கள். ஊரார் எதிர்த்தார்கள். அத்தம்பதியர் நிலைநாட்ட விரும்பியது யாது? ஆண்பிள்ளை படிக்கும் அளவு பெண்பிள்ளையும் நன்றாகப் படிக்கக்கூடும் என்பதே. ஆங்கிலத்தில் அதுவும் ‘ஆஸ் வெல் ஆஸ்’ என்று முடியும். அத்தொடருக்கு ‘அவ்வளவு நன்றாக’ என்றும் பொருள். ‘அவரோடு இவரும்’ என்றும் பொருள். நம் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் நெறியாக வைத்திருக்கிறது. பெரியோர் எழுதிய பெருஞ்சட்டத்திலும் எங்கள் பெரியவர் கேட்ட மனுவிலும் உள்ள வாக்கியம் ஒன்றே.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சில சொற்கள். ஒப்பிடும்போது பொருளை ஒப்பிடுகிறீர்களா, செயலை ஒப்பிடுகிறீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செயலானால் ‘லி’ சேர்க்குமுன் அகராதியைப் பாருங்கள். ஹார்ட், ஃபாஸ்ட் முதலிய சொற்கள் அதனை வேண்டாதவை. ‘போல’ என்று தமிழில் நினைத்தால், அது சாயலா, அளவா என்று தெளியுங்கள். தெளிவு வரவில்லையெனில் வீட்டில் அம்மாவைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு மராத்திய அம்மாவையும் கேளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பிள்ளைகளை நோக்கி, ‘அவனைப் போல நீ படிக்கிறாயா?’ என்று நாள்தோறும் கேட்கிறோம். தொல்காப்பியர் உவமையாகக் காட்டப்படுவது உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்றார் என்பது மெய்தான். ஆனால் அவர் அதனைப் பாட்டுக்குச் சொன்னார், பிள்ளைக்குச் சொல்லவில்லை. பிள்ளையின் நேற்றை இன்றோடு ஒப்பிடுங்கள், அது போதும்.

பிழைப்பிற்காக நாம் ஊரை விட்டு வந்தோம். ஆங்கிலம் எழுதுவதால் உயர்ந்தோம் என்றும், தமிழ் பேசுவதால் தாழ்ந்தோம் என்றும் எண்ண வேண்டுவதில்லை. அடுத்த வீட்டாரின் மொழியைவிட நம் மொழி மேல் என்று மார்தட்டவும் வேண்டுவதில்லை. நாமும் அவர்களைப் போல என்று பிழையறச் சொல்லக் கற்போம். பிறர்க்காக எழுதும்போது இன்னும் ஒருமுறை படித்துப் பார்த்து எழுதுவோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!